பழைய காருக்கு உதிரிப் பாகம்: மலிவு என்பது எது?

பழைய காரை வைத்திருப்பது வறுமையின் அடையாளம் என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, இருபது ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு புரோட்டோன் சாகாவோ ஒரு பெரோடுவா கஞ்சிலோதான் பிழைப்பின் ஆதாரம். தந்தை வேலைக்குச் செல்வதும், பிள்ளைகள் ஐந்து கல் தொலைவிலுள்ள தமிழ்ப் பள்ளிக்குச் செல்வதும், பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அதே வண்டியில்தான். 2009ஆம் ஆண்டில், பதினைந்து ஆண்டைத் தாண்டிய வாகனங்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததும், அதே ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். பழைய கார் எத்தனை வீடுகளின் சோற்றுப் பானையோடு தொடர்புடையது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

அத்தகைய வண்டி பழுதுபட்டால் முதலில் எழும் கேள்வி, 'சாமான் எங்கே மலிவாகக் கிடைக்கும்?' என்பதே. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. மலிவு என்பது எது? குறைந்த விலைக்குக் கிடைப்பதா, அல்லது குறைந்த செலவில் நெடுநாள் உழைப்பதா? இரண்டும் ஒன்றல்ல. தேவையான பாகத்தின் சரியான பெயரை அறிந்தவனுக்கே உண்மையான மலிவு கிட்டும். அறியாதவன் குறைந்த விலை கொடுத்தும் அதிகம் செலவழிப்பான். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காருக்கும் குலம் உண்டு

மனிதருக்கு உறவுமுறை இருப்பது போலக் கார்களுக்கும் உண்டு. 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே என்னும் ஜப்பானியக் காரை அடியொற்றிச் செய்யப்பட்டது. அதன் 1.3 லிட்டர் எஞ்சின் மிட்சுபிஷியின் 4ஜி13 வகை. 1993இல் வந்த வீராவும் மிட்சுபிஷி லான்சரின் வழிவந்ததே. 2000இல் வாஜா வந்தபோதும் எஞ்சின் மிட்சுபிஷியுடையதாகவே இருந்தது. 2004இல் வெளிவந்த ஜென்-2 காரில் கெம்புரோ என்னும் சொந்த எஞ்சின் பொருத்தப்பட்ட பின்னரே இவ்வுறவு தளர்ந்தது.

பெரோடுவாவின் கதையும் அவ்வாறே. 1994இல் வந்த கஞ்சில், டைஹாட்சு மீராவின் உடன்பிறப்பு. 2005இல் வந்த மைவி, டைஹாட்சு, டொயோட்டா ஆகிய இரு நிறுவனங்களும் ஜப்பானில் விற்ற சிறு காரின் மறு வடிவம். அதன் 1.3 லிட்டர் எஞ்சின் டொயோட்டா அவான்சாவிலும் இருந்தது.

இவ்வுறவை அறிவதால் விளையும் பயன் யாது? ஒரு காருக்கான பாகம் அதன் பெயர் பொறித்த பெட்டியில் இல்லாமற் போனாலும், உறவுக் காரின் பெயர் பொறித்த பெட்டியில் இருக்கக்கூடும். முதல் தலைமுறைச் சாகாவின் உற்பத்தி 2008இல் நின்றது. கஞ்சிலின் உற்பத்தி 2009இல் நின்றது. தயாரிப்பாளரின் கிடங்கில் சில பாகங்கள் தீர்ந்துபோவது இயல்பு. அந்நிலையில் 'இல்லை' என்ற ஒரு சொல்லோடு திரும்பி வருபவனுக்கும், 'மீராவுக்கு உள்ளது இருக்கிறதா?' என்று அடுத்த கேள்வி கேட்பவனுக்கும் வேறுபாடு மிகுதி.

எனினும் உறவு என்பதாலேயே எல்லாப் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடமாட்டா. கஞ்சிலிலேயே 659 சி.சி., 847 சி.சி. என இரு அளவு எஞ்சின்கள் உண்டு. ஒன்றன் சாமான் மற்றொன்றுக்கு ஆகாது. ஆகவே உறவு வழி காட்டும். முடிவு சொல்வது எண்ணே.

எண்ணே பெயர்

சாமான் கடையில் ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. மலாய்க்காரர் ஒன்று சொல்வார். சீனக் கடைக்காரர் ஒன்று சொல்வார். நம்மவர் ஆங்கிலப் பெயரைத் திரித்து ஒன்று சொல்வார். ஒரே சொல் இரு பொருளைக் குறிப்பதும் உண்டு. 'புஷ்' என்று கேட்டால், வண்டியின் அடியில் அத்தகைய ரப்பர்கள் ஒரு டசனுக்கு மேல் இருக்கின்றன. அவற்றுள் எது? இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே தயாரிப்பாளர் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண் இட்டிருக்கின்றனர்.

இவ்வெண்கள் மனம்போல் இடப்பட்டவை அல்ல. அவற்றுக்கும் இலக்கணம் உண்டு. தமிழாசிரியர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். 'செய்தான்', 'செய்தாள்' என்னும் சொற்களில் 'செய்' என்னும் பகுதி செயலைக் குறிக்கிறது. விகுதி யார் செய்தார் என்பதைக் குறிக்கிறது. டொயோட்டாவின் பாக எண்ணில் பெரும்பாலும் பத்து இலக்கங்கள் இருக்கும். அவை ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதப்படும். முதல் ஐந்தும் பகுதி போன்றவை. அவை பொருள் இன்னது என்று சொல்லும். 04465 என்றால் முன் சக்கர பிரேக் பேட். 04466 என்றால் பின் சக்கர பிரேக் பேட். 04495 என்றால் பின் சக்கர பிரேக் ஷூ. அடுத்து வரும் ஐந்தும் விகுதி போன்றவை. அவை எந்த வண்டிக்கு உரியது என்று சொல்லும். டைஹாட்சுவின் எண்களும் இதே ஐந்தைந்து முறையில் அமைந்தவை. மிட்சுபிஷியின் பழைய எண்களில் முன்னே இரண்டு எழுத்துகள் வரும். 'எம்டி' என்று தொடங்கினால் பெரும்பாலும் எஞ்சினைச் சேர்ந்தது. 'எம்பி' என்று தொடங்கினால் பெரும்பாலும் உடலையும் அடிச்சட்டத்தையும் சேர்ந்தது.

இந்த எண்ணை எங்கே காண்பது? கழற்றிய பழைய பாகத்தின் மேலேயே பல வேளைகளில் அச்சிட்டோ அச்சு வார்த்தோ இருக்கும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் புலப்படும். அது தேய்ந்து போயிருந்தால், வண்டியின் அடிச்சட்ட எண்ணைக் கடையில் கொடுத்து, தயாரிப்பாளரின் பட்டியலில் பார்க்கச் சொல்லலாம். இக்கால அடிச்சட்ட எண்ணில் 17 இடங்கள் உண்டு. ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்றும் அதில் வருவதில்லை. ஒன்று, சுழியம் ஆகிய இலக்கங்களோடு மயங்கும் என்பதே காரணம். புரோட்டோனின் எண் 'பிஎல்1' என்றும் பெரோடுவாவின் எண் 'பிஎம்2' என்றும் தொடங்கும். ஒரே பெயருள்ள காரில்கூட நடு ஆண்டில் ஒரு பாகம் மாற்றப்பட்டிருக்கலாம். 'என் வண்டி தொண்ணூற்றெட்டாம் ஆண்டுச் சாகா' என்று சொல்வதைவிட அடிச்சட்ட எண்ணைக் காட்டுவதே பிழையில்லா வழி.

தயாரிப்பாளர் சிலவேளை பழைய எண்ணை நீக்கிப் புதிய எண் இடுவதுண்டு. பழைய எண்ணுக்கு 'இல்லை' என்று விடை வந்தால், 'மாற்று எண் உண்டா?' என்று கேட்பது நலம்.

கார் நிறுவனத்துக்கு அப்பாற்பட்ட எண்கள்

சில பாகங்கள் எந்தக் கார் நிறுவனத்துக்கும் தனி உரிமையானவை அல்ல. உலகப் பொது அளவுகளில் செய்யப்படுபவை. இவற்றைக் காரின் பெயர் சொல்லாமல் எண் சொல்லியே வாங்கலாம். அப்போது விலை பெரும்பாலும் குறையும்.

பேரிங் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் பக்கவாட்டில் 6204 என்பது போன்ற எண் பொறித்திருக்கும். கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் அளவு மில்லிமீட்டரில் கிடைக்கும். 04 என்றால் 20 மில்லிமீட்டர். 05 என்றால் 25 மில்லிமீட்டர். 04க்குக் கீழே மட்டும் இவ்விதி செல்லாது. 00 என்பது 10, 01 என்பது 12, 02 என்பது 15, 03 என்பது 17 மில்லிமீட்டர். மின்னாக்கியின் பேரிங் இரைச்சலிட்டால், மின்னாக்கி முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. எண்ணைப் பார்த்து, பேரிங் விற்கும் கடையில் அதே பேரிங்கை வாங்கலாம். எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்களும் அவ்வாறே. உள்வட்டம், வெளிவட்டம், தடிப்பு என்னும் மூன்று அளவுகள் அவற்றின்மேல் எழுதப்பட்டிருக்கும்.

ரேடியேட்டர் மூடியிலும் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும். அது மூடி தாங்கும் அழுத்தம். அழுத்தம் கூடினால் நீர் கொதிக்கும் வெப்பநிலையும் கூடும் என்பது பள்ளிப் பாடம். 0.9 அளவு மூடியின் கீழ் நீர் ஏறக்குறைய 118 பாகையில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தளர்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காது. நீர் வெளியேறும். எஞ்சின் சூடாகும். இதை அறியாமல் ரேடியேட்டரையே மாற்றிப் பணத்தை இழந்தவர் உண்டு. நோய் எதுவென்று தெளியாமல் ஊகத்தால் மாற்றப்படும் பாகமே எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது.

நால்வகைப் பாகங்கள்

கடையில் கிடைக்கும் பாகங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவது. கடைகளில் 'ஒரிஜினல்' எனப்படுவது இதுவே. நம்பகமானது. விலையும் மிகுதி.

இரண்டாம் வகை, கார் நிறுவனத்துக்குப் பாகம் செய்து கொடுக்கும் அதே தொழிற்சாலை, தன் சொந்தப் பெட்டியில் விற்பது. கடைக்காரர் இதனை 'ஓ.இ.எம்.' என்பர். எந்தக் கார் நிறுவனமும் தன் பாகங்கள் அனைத்தையும் தானே செய்வதில்லை. ஜப்பானியக் கார்களின் நீர்ப்பம்பும் கிளட்சும் அய்சின் நிறுவனத்திலும், மின் உறுப்புகள் டென்சோவிலும், பிரேக் பேட்கள் அகெபோனோவிலும், பேரிங்குகள் கோயோ, என்.எஸ்.கே., என்.டி.என். ஆகிய நிறுவனங்களிலும் செய்யப்படுவதுண்டு. பழைய பாகத்தைக் கழற்றியவுடன் அதன்மேல் எந்தத் தொழிற்சாலையின் முத்திரை இருக்கிறது என்று பார்த்து எழுதிவைத்துக்கொண்டால், அதே தொழிற்சாலையின் பாகத்தைக் குறைந்த விலைக்குக் கேட்டு வாங்கலாம். சிக்கனம் விரும்புவோர்க்கு உகந்தது இவ்வகையே.

மூன்றாம் வகை, வேறு தொழிற்சாலைகள் அதே அளவில் செய்து விற்பது. இவற்றுள் நல்லவையும் உண்டு, மட்டமானவையும் உண்டு. கண்ணாடி, விளக்கு, பம்பர் போன்றவற்றில் இவை பெரும்பாலும் போதும்.

நான்காம் வகை போலி. நல்ல நிறுவனத்தின் பெயரைத் திருடி, அதன் பெட்டியைப் போலவே பெட்டி அடித்து விற்பது. தீப்பொறி பிளக்குகளிலும் எண்ணெய் வடிகட்டிகளிலும் போலி மிகுதி. நல்ல வடிகட்டியில் அழுக்கு அடைத்துக்கொண்டாலும் எண்ணெய் எஞ்சினுக்குச் செல்ல ஒரு மாற்று வழித் தடுக்கிதழ் இருக்கும். போலியில் அது இல்லாமலோ வேலை செய்யாமலோ போகலாம். சில வெள்ளி மிச்சம் பிடிக்கப்போய் எஞ்சினை இழக்க நேரும். இணையவழிச் சந்தையில் வாங்குவோர் இவ்வகையில் மிக விழிப்பாக இருத்தல் வேண்டும். மற்றெல்லா இடங்களிலும் விற்கும் விலையில் பாதிக்கு ஒரு பொருள் கிடைக்கிறதென்றால், எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்டுப் பார்ப்பது அறிவுடைமை.

பொட்டோங் கடை

பழைய காரின் உற்ற துணை பொட்டோங் கடை. வண்டிகளைப் பிரித்து விற்பதால் இப்பெயர். கிள்ளான் போன்ற துறைமுக வட்டாரங்களில் இத்தகைய கடைகள் பல உண்டு. இங்கு உள்நாட்டு வண்டிகளோடு, ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டிக் கொண்டுவரப்பட்ட 'ஹாஃப் கட்' வண்டிகளும் கிடைக்கும். ஜப்பானில் புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்குப் பின்னும், அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் செலவு மிகுந்த கட்டாயப் பரிசோதனை உண்டு. அதனால் அந்நாட்டார் பலர், ஓடக்கூடிய நிலையிலேயே தம் காரைக் கழித்துவிடுகின்றனர். அவர்கள் கழித்தது இங்கே பயன்படுகிறது.

பொட்டோங் கடையில் வாங்கத் தகுந்தவை எவை, தகாதவை எவை? ஒரு விதி போதும். தேயாத பொருளையும், சோதித்துப் பார்க்கக்கூடிய பொருளையும் வாங்கலாம். கதவு, கண்ணாடி, விளக்கு, இருக்கை, கதவுப் பூட்டு ஆகியவை தேய்வன அல்ல. மின்னாக்கி, ஸ்டார்ட்டர், கண்ணாடி ஏற்றும் மோட்டார் ஆகியவற்றை மின்கலத்தோடு இணைத்துச் சோதிக்கலாம். கியர் பெட்டியும் எஞ்சினும் வாங்கலாம். ஆனால் எத்தனை நாளுக்குப் பொறுப்பு என்பதை ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

ரப்பரும் தேய்பொருளும் பழையதாக வாங்கக் கூடாதவை. பிரேக் பேட், டைமிங் பெல்ட், நீர்க்குழாய், சீல், அப்சோபர் ஆகியவை புதியனவாகவே இருத்தல் வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் தனியே பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பூவேலை தேயாமல் பளபளத்தாலும், ரப்பருக்கு வயதாகிவிட்டால் அது நம்பத் தகுந்ததன்று.

எஞ்சினை மாற்றுவோர் மறக்கக் கூடாத ஒன்றும் உண்டு. எஞ்சின் எண் வண்டியின் பதிவில் இடம்பெற்றிருக்கிறது. மாற்றினால் பரிசோதனைக்குக் காட்டி, சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். புதிதாகப் பொருத்தும் எஞ்சினுக்கு உரிய பத்திரங்களைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குதல் வேண்டும். அவை இன்றி வாங்கிய எஞ்சின் எவ்வளவு மலிவாயினும் மலிவன்று.

முழுதும் வேண்டுமா, உறுப்பு போதுமா?

இக்காலப் பட்டறைகளில் பழுதுபார்ப்பதைவிட மாற்றுவதே வழக்கமாகிவிட்டது. நேரம் மிச்சமாவதால் பட்டறைக்காரர் அதனை விரும்புகின்றனர். ஆனால் முழுப் பொருளுக்குள் பழுதானது ஒரு சிற்றுறுப்பாக இருக்கலாம். மின்னாக்கியில் தேய்வது பெரும்பாலும் கரித்துண்டும் பேரிங்கும். காருக்கு வயரிங் வேலை செய்பவர் இவற்றை மட்டும் மாற்றித் தருவார். டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழிந்த உடனே உறையை மட்டும் மாற்றினால், மணலும் நீரும் புகுந்து ஷாஃப்டே கெடுவதைத் தடுக்கலாம். பிரேக் கெலிப்பரில் கசிவு கண்டால், உள்ளிருக்கும் ரப்பர்களை மட்டும் ஒரு தொகுதியாக வாங்கலாம். கீழ்க் கையின் புஷ்ஷை அழுத்து எந்திரத்தால் தள்ளிப் புதியது ஏற்றும் வழி இருக்குமானால், கை முழுவதையும் வாங்குவானேன்? 'இதற்குள் கெட்டது எது? அது மட்டும் தனியே கிடைக்குமா?' என்று போர்மேனிடம் கேட்பதற்குக் கூச்சம் வேண்டியதில்லை.

கூலியையும் கணக்கில் கொள்க

பாகத்தின் விலை பாதிக் கணக்கு. மறுபாதி கூலி. ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பாகம் 60 வெள்ளி, இரண்டு ஆண்டு உழைக்கும் என்று கொள்க. மற்றொன்று 110 வெள்ளி, ஐந்து ஆண்டு உழைக்கும். மாற்றும் கூலி எதுவாயினும் 150 வெள்ளி. முதலாவதற்கு மொத்தம் 210 வெள்ளி. ஆண்டுக்கு 105 வெள்ளி ஆகிறது. இரண்டாவதற்கு மொத்தம் 260 வெள்ளி. ஆண்டுக்கு 52 வெள்ளிதான். கடையில் 50 வெள்ளி கூடுதலாகத் தோன்றியது, வீட்டுக் கணக்கில் செலவைப் பாதியாகக் குறைத்துவிட்டது. ஆகவே கழற்றி மாட்டக் கூலி மிகுதியாகும் இடத்தில் நல்ல பாகம் வாங்குவதே சிக்கனம். கையால் எளிதில் மாற்றக்கூடிய இடத்தில் மலிவானதை முயன்று பார்க்கலாம்.

இதே காரணத்தால், டைமிங் பெல்ட்டை மாற்றக் கழற்றும்போது அதன் இறுக்கியையும், அருகிலுள்ள சீல்களையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஒரு கூலியில் மூன்று வேலை முடியும்.

சாமானை உரிமையாளரே வாங்கிக் கொடுப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. பாகம் பொருந்தாவிட்டாலோ விரைவில் கெட்டாலோ பட்டறைக்காரர் பொறுப்பேற்கமாட்டார். கூலி மீண்டும் கொடுக்க நேரும். அதனால், வாங்குமுன் எண்ணைப் போர்மேனிடம் காட்டி ஒப்புதல் பெறுவதும், பழைய பாகத்தைக் கையோடு கொண்டுசென்று கடையிலேயே புதியதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் முறையாகும்.

பிரேக்கில் சிக்கனம் வேண்டா

எல்லாவற்றிலும் சிக்கனம் காணலாம். பிரேக்கில் மட்டும் தரத்தைக் குறைத்துச் சிக்கனம் காணலாகாது. மட்டமான பிரேக் பேட் சமதரையில் நன்றாகவே பிடிக்கும். வாங்கியவர் ஏமாறுவது அதனால்தான். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளைப் போன்ற பாதையில் அடிக்கடி மிதிக்கும்போது பேட் சூடேறுகிறது. மட்டமான பேட்டில் துகள்களைப் பிணைத்திருக்கும் பசை வெப்பத்தால் ஆவியாகிறது. அந்த ஆவி பேட்டுக்கும் வட்டத் தட்டுக்கும் இடையே நின்று உராய்வைக் குறைக்கிறது. மிதி காலுக்கு உறுதியாகவே இருக்கும். வண்டிதான் நிற்காது.

மாற்று பேட்களின் தரத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் 90ஆம் எண் ஒழுங்குவிதி உண்டு. அவ்விதிப்படி செய்யப்பட்ட பேட்டின் செயல்திறம், முதலில் காரோடு வந்த பேட்டின் திறத்திலிருந்து நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் வேறுபடக் கூடாது. அவ்விதிக்கு உட்பட்ட பேட்டில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும், அருகே '90ஆர்' என்பதும் பொறிக்கப்பட்டிருக்கும். அக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதற்கு ஒரு நிமிடம் போதும்.

ஒரு குறிப்பேடு

மேற்சொன்னவற்றை எல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. காரில் ஒரு சிறு குறிப்பேடு இருந்தால் போதும். முதல் பக்கத்தில் அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் எழுதுக. அதன்பின் பாகம் மாற்றும் ஒவ்வொரு முறையும் நாள், ஓடிய தொலைவு, பாக எண், செய்த நிறுவனம், விலை, கூலி ஆகியவற்றைக் குறித்து வருக. மூன்று ஆண்டில் எந்தப் பாகம் எத்தனை நாள் உழைத்தது என்பது கைக்கணக்காகத் தெரிந்துவிடும். எந்தக் கடைக்காரரின் சொல்லையும்விட அக்கணக்கு நம்பத் தகுந்தது.

அந்தக் கணக்கை எழுதும் வேலையை வீட்டிலுள்ள பிள்ளையிடம் ஒப்படைத்தால் இன்னும் நல்லது. வகுத்தலும் சராசரியும் எதற்குப் பயன்படும் என்பதைப் பாடநூலைவிட அது நன்றாகக் கற்பிக்கும். தந்தை ஓட்டும் வண்டியின் பிரேக்கை எப்போது மாற்றியது என்று தெரிந்த பிள்ளை, அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் மறக்காமல் நினைவூட்டும்.